நான்கு மெய்

தேராவில், க்ரீக் பக்கத்து ஓட்டல் வாசலில்
சாவி வாங்கிக் கார் நிறுத்தும் வேலை எனக்கு.
ஆறு வருடத்தில் கற்ற கணக்கு ஒன்றுதான்:
நம்பர் பிளேட்டில் இலக்கம் குறையக் குறைய
ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும்.
ஐந்து இலக்கம் என்றால் பேஸ்மென்ட் இரண்டு.
மூன்று என்றால் மேலே, நிழலில்.
இரண்டு என்றால் சூப்பர்வைசர் நதீம் தானே ஓடிவருவான்,
சாவி என் கையில் விழ விடமாட்டான்.

ஒரே ஒருமுறை ஒற்றை எண் வந்தது.
தரை துடைத்துக்கொண்டிருந்த நேபாளிப் பையன்
மாப்பைப் பிடித்தபடி நின்று பார்த்தான்,
காரை அல்ல, அந்த ஏழை.
தமிழில் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.
இருக்கட்டும்.

இதைக் கேட்டுத்தான் மேல்கட்டில் ஷிஹாப் சொன்னான்,
கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கேபிள் இழுப்பவன்:
இன்டர்நெட்டிலும் இப்படித்தான்,
பெயர் குட்டையாக இருந்தால் பொன்.
இரண்டெழுத்து வைத்திருப்பவன் வேலைக்குப் போவதில்லை.
மூன்றெழுத்து எல்லாம்
நாம் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தீர்ந்துபோயின.
நான்கில் கொஞ்சம் அகப்படும்,
யாரும் தொடாத அசிங்கங்கள்.

ஓர் அசிங்கத்தை வாங்கினேன்.
ஆயிரத்து நூறு திர்ஹம்.
ஒரு மாதப் படுக்கை வாடகை, மெஸ் காசு, அதற்கும் மேலே.
என்ன பெயர் என்று சொல்லமாட்டேன்,
சொன்னால் தட்டிப் பார்ப்பீர்கள்.
முதலில் ஒரு க்யூ. கடைசியில் ஓர் இஸட்.
நடுவில் இரண்டு, அவையும் அதே ரகம்.
உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது,
உச்சரித்தால் நாக்கு கல்லில் இடிக்கும்.
உயிர் சேராமல் மெய் நடக்காது என்று
பள்ளிக்கூடத்தில் எழுதிப்போட்டார்கள்.
நான்கு மெய், அவ்வளவுதான்.
பகல் பன்னிரண்டு மணிக்குத் திரை இழுத்துவிட்ட
எங்கள் அறைக் கட்டில்கள் மாதிரி.

தட்டினால் வெள்ளைப் பக்கம் வரும்,
விற்பனைக்கு என்று ஒரு வரி.
அந்த நிலைக்குப் பெயர் பார்க்கிங்காம்.
ஷிஹாப் சொல்லிவிட்டுச் சிரித்தான், நானும் சிரித்தேன்.
இரவெல்லாம் அடுத்தவன் காரை நிறுத்துகிறவன்
எனக்கென்று நிறுத்திவைத்தது இது.

வருடத்துக்கு நாற்பது சொச்சம் கட்ட வேண்டும்.
விசா போலத்தான், தேதி தவறினால் உன்னுடையதில்லை.
போன ரமலானில் சம்பளம் தள்ளிப்போக
நதீமிடம் ஐம்பது கேட்டேன்.
எதற்கு?
பெயருக்கு.
உன் பெயருக்கா?
இல்லை, என் பெயருக்கு யார் ஐம்பது கொடுப்பார்?
இளம்பரிதி கருப்பண்ணன்:
பேட்ஜில் அடங்காது என்று எச்.ஆர். மேடம்
ரிதி என்று வெட்டிவிட்டார்.
எண்ணிப் பாருங்கள், இரண்டெழுத்து.
சம்பளம் ஏறவில்லை.

மார்ச்சில், விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரு மெயில்.
ஷென்ஜெனிலிருந்து லியாங் என்பவர்.
இரண்டாயிரத்து நூறு டாலர்.
அவர்கள் பக்கம் உயிரெழுத்து இல்லாததற்குத்தான் கிராக்கியாம்.
ஒவ்வொரு மெய்யும் ஏதோ ஒரு சொல்லின் தலையாம்.
நடுவில் ஓர் உயிர் இருந்தால் விலை குறைப்பார்களாம்.
ஷிஹாப் கட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்கி
நாலாயிரம் கேள், கேளடா, என்றான்.
கேட்டேன்.

ஏப்ரல். மே.
பேஸ்மென்ட் இரண்டில் கதவுப்பிடி சுட ஆரம்பித்தது.
ஷிஹாப் முசஃபாவில் வேலை கிடைத்துப் போனான்.
மேல்கட்டிலுக்கு வந்திருக்கும் பிகாரிப் பையன்
படுத்தவுடன் குறட்டை விடுகிறான்.

நேற்று ஒரு பழைய கரோலாக்காரர்
டோக்கனைத் தொலைத்துவிட்டு, பதற்றத்தில்
சொந்தக் கார் எண்ணையும் மறந்து நின்றார்.
ஐந்து இலக்கத்தையும் வரிசையாகச் சொன்னேன்.
எப்படி ஞாபகம் என்று இரண்டு முறை கேட்டார்.
எல்லாம் ஞாபகம்தான், சார்.

அவர் போனபின் தூணுக்குப் பின்னால் நின்று
போனில் அதைத் தட்டினேன்.
வெள்ளைப் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
இந்த மாதம் வந்து பார்த்தவர்கள் ஒன்பது.
அதில் எட்டு நான்.